ரேஷன் வெட்டாமல் விட்ட காடு

தேனி மாவட்டத்தில் இன்றுவரை நடந்த போர்களில் மிக அதிகமான போர்களில் கலந்துகொண்டு, ஒருமுறைகூட வாளைத் தொடாத ஒரே ஆள் ரேஷன்தான். பாண்டியர் காலத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவளிடம் ஒரு குதிரை இருந்ததில்லை. ஒரு வில்லாளி இருந்ததில்லை. அவள் ஊரைச் சுற்றி ஒரு முள்வேலிகூட இருந்ததில்லை. ஆனால் அவள் எங்கள் பக்கம் நின்றவரை, எங்கள் நால்வரில் யாருக்கும் நெல் தீர்ந்ததில்லை, மரம் தீர்ந்ததில்லை, எதிரியிடம் ஓடிப்போய்விடலாம் என்று தோன்றியதும் இல்லை.

போர் என்றதும் பயந்துவிட வேண்டாம். கம்ப்யூட்டரில் ஆடும் போர். உங்கள் வீட்டுப் பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு, "கிழக்க வர்றாய்ங்க, கிழக்க வர்றாய்ங்க" என்று கத்தினால், அநேகமாக அவன் ஆடுவதும் இந்த வகைதான். இந்தப் பக்கம் ஐந்து பேர் வரை, அந்தப் பக்கமும் ஐந்து பேர் வரை. ஆளுக்கு ஒரு சின்ன ஊர், கொஞ்சம் வேலையாட்கள். அவர்கள் மரம் வெட்டுவார்கள், நெல் அறுப்பார்கள், கல் உடைப்பார்கள். சேர்த்ததை வைத்து வீரர்களை உண்டாக்கி அடுத்தவன் ஊரை இடிக்க வேண்டும். கூட ஆடுபவருக்கு வண்டி கட்டிப் பொருள் அனுப்புவதற்கும் ஒரு பொத்தான் உண்டு. பொதுவாக அதை யாரும் தொடுவதில்லை. ரேஷன் மற்ற பொத்தான்களைத் தொடுவதில்லை.

இடம், தேனிக்கு வெளியே காற்றாலைகளைப் பார்த்தபடி நிற்கும் ஒரு பொறியியல் கல்லூரியின் பெண்கள் விடுதி. தரைத்தளத்தில் ஒரு கம்ப்யூட்டர் அறை, எங்கள் வாயில் லேபு. அதில் உயிரோடு இருந்த கம்ப்யூட்டர்கள் எத்தனையோ அத்தனை பேர்தான் எங்கள் அணி. ஸ்டெல்லா தலைவி. உத்தமபாளையம் பக்கத்துக் கிராமம், அப்பா அம்மா இருவரும் ஆசிரியர்கள், மைக் இல்லாமலே பூசைக்குப் பாடக்கூடிய குரல். அடுத்து இரண்டு கவிதாக்கள். பெரிய கவிதா ஓடைப்பட்டி, சின்னக் கவிதா மார்க்கையன்கோட்டை. ஓடைப்பட்டித் திராட்சை இனிப்பா புளிப்பா என்பதில் தொடங்கி, எதிலும் இருவரும் ஒத்துப்போனதில்லை. நான் தேனி கடைவீதியில் ஒரு இரும்புக்கடைக்காரர் மகள். துணி துவைப்பதற்குக்கூடப் பட்டியல் போடுகிறவள். ஐந்தாவது ஆள் கம்பத்திலிருந்து வந்திருந்தாள்.

முதல் நாள் ஸ்டெல்லா வேலை பிரித்தாள்.

"நான் குதிரை. பெரியவ வில்லு. சின்னவ வேலு. நீ கோட்டை இடிக்கிற வண்டி" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கம்பத்துக்காரியிடம் திரும்பினாள். "நீ என்ன எடுக்குற?"

"நான் சண்டைக்கு வரலை. ஒங்களுக்கு என்னென்ன வேணும்னு சொல்லுங்க, அனுப்பி விடுறேன்."

"ஏலே, சண்டை வெளையாட்டுக்கு வந்துட்டு சண்டைக்கு வரலைன்னா எப்புடி?"

"கல்யாணத்துக்குப் போனா எல்லாருமா தாலி கட்டுறாக? அடுப்ப யாராச்சும் பாக்கணும்ல?"

ஆட்டம் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் நாங்கள் நால்வரும் ஒரே சமயத்தில் மரம் கேட்டுக் கத்தினோம். ஹெட்போனில் அவள் குரல் நிதானமாக வந்தது. "வரிசையில வாங்க. தள்ளாதீக. பெரிய கவிதாவுக்கு மரம் ஏத்தியாச்சு. ஸ்டெல்லாவுக்கு நெல்லு. சின்னவளே, நீ இப்பத்தான வாங்குன? பின்னால போயி நில்லு."

"இவ என்னடி, ரேஷன் கடை வச்சிருக்கா?" என்றாள் ஸ்டெல்லா.

அவ்வளவுதான். வருகைப்பதிவில் இருந்த பெயரை அன்றோடு எல்லோரும் மறந்தோம். பேராசிரியர் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் அவளே வேறு யாரையோ திரும்பிப் பார்ப்பாள்.

பெயர் பொருத்தமும் அப்படி. அவள் பையைத் திறந்தால் அடுத்தவர்களுக்கு வேண்டியது அத்தனையும் இருக்கும். தலைவலிக்காரிக்குத் தைலம், தலை வாரத் தெரியாதவளுக்கு ஊக்கு, வீட்டு நினைவில் அழுகிறவளுக்குக் கடலைமிட்டாய். ஒரு செமஸ்டர் பரீட்சை அன்று, பேனா மறந்து வருகிறவர்களுக்காக ஒரு கட்டுப் பேனாவோடு வந்து வாசலில் நின்று கொடுத்துக்கொண்டிருந்தாள். மணி அடித்ததும் உள்ளே போய் உட்கார்ந்தாள். வினாத்தாளை இரண்டு பக்கமும் படித்தாள். பிறகு கையைத் தூக்கினாள்.

"சார், ஒரு பேனா கெடைக்குமா?"

"ஏம்மா, வாசல்ல நீதான பேனாக் கடை போட்டிருந்த?"

"கேட்டாக சார். குடுத்துட்டேன்."

இப்போது அவள் ஆட்டத்தின் நுட்பத்தைச் சொல்ல வேண்டும். நான் கணினி படித்தவள். விஷயங்களை வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு நிம்மதி.

முதலாவது, கேட்ட பிறகு அவள் அனுப்ப மாட்டாள். ஸ்டெல்லா "மர..." என்று வாயைத் திறக்கும்போது வண்டி வாசலில் நிற்கும். "என்னைய முழுசா ஒரு வார்த்தை பேச விடுறாளா பாரு" என்பது ஸ்டெல்லாவின் நிரந்தரக் குறை. இரண்டாவது, ஒரே தடவையில் கொட்ட மாட்டாள். கொஞ்சம் கொஞ்சமாக, விடாமல் வந்துகொண்டே இருக்கும். மொத்தமாகக் கொடுத்தால் வாங்கியவள் அதைப் பூட்டிவைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பாள் என்பது அவள் கட்சி. மூன்றாவது, முன்னால் நின்று அடிவாங்குகிறவளுக்குத்தான் முதல் வண்டி. யார் சத்தமாகக் கேட்டாலும் அது மாறாது.

நான்காவதாக ஒன்று உண்டு, அதை என்னால் கடைசிவரை எழுத முடியவில்லை. யாருக்கு எப்போது எவ்வளவு அனுப்ப வேண்டும் என்று நானே ஒரு சூத்திரம் எழுதி, கட்டம் போட்டு, வண்ணம் தீட்டி அவளிடம் காட்டினேன். மரியாதையாகக் கடைசிவரை பார்த்தாள்.

"நல்லாருக்கு ஆத்தா. ஆனா கொழம்பு ஊத்துறப்ப கரண்டியப் பாக்கக் கூடாது. எலையப் பாக்கணும்."

"அதத்தான் நானும் எழுதியிருக்கேன். இங்கன பாரு, மூணாவது வரி."

"இது கரண்டி ஆத்தா."

அதன் பிறகு அந்தச் சூத்திரத்தை நான் யாருக்கும் காட்டவில்லை.

அவளிடம் குறை இல்லாமல் இல்லை. அனுப்பிய நெல் போய்ச் சேர்ந்ததா என்பதோடு விடமாட்டாள். உச்சக்கட்டச் சண்டையில், ஸ்டெல்லா பல்லைக் கடித்துக்கொண்டு எதிரி வாசலை மோதும்போது, ஹெட்போனில் கேட்பாள்:

"குதிரை தின்னுச்சா?"

"அது படம்டி!"

"படமா இருந்தா என்ன, நீ பாட்டுக்கு ஓட்டிக்கிட்டே இருக்க."

இன்னொரு குறை பெரியது. தன் ஊருக்கு அவள் எதுவும் வைத்துக்கொள்ள மாட்டாள். மதில் கட்டக் கல் இருக்கும், அது சின்னக் கவிதாவின் வாசலுக்குப் போய்விடும். அதனால் எந்த எதிரியும் முதலில் அவள் ஊருக்குத்தான் வருவான். புதிதாக ஆடப் பழகுகிறவர்கள்கூட அவள் ஊரில்தான் கை பழகினார்கள். வீடுகள் எரியும்போதும் குரல் மாறாது. "நான் போயிட்டேன் தாயி. கடைசி வண்டி வடக்க வருது, எடுத்துக்கங்க. சண்ட போட்டுப் பிரிக்காதீக, ரெண்டு கவிதாவும்."

மூன்றாவது குறைதான் ஸ்டெல்லாவுக்கு ரத்தக்கொதிப்பு. ஒவ்வொரு ஆட்டத்திலும் தன் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு காட்டை ரேஷன் வெட்டவே மாட்டாள். மரத்துக்கு நாங்கள் தவியாய்த் தவித்தாலும் வேலையாட்களை வெகுதூரம் அனுப்பி வேறு காட்டை வெட்டுவாள்.

"பக்கத்துலயே காடு இருக்குல்ல? அத ஏன்டி வெட்டல?"

"அது வர்றவுகளுக்கு."

"யாரு வரப்போறா? இது அஞ்சு பேரு ஆட்டம்டி! ஆறாவது ஆளு உள்ள வரவே முடியாது!"

"சரி, இருக்கட்டுமே."

இந்த 'வர்றவுகள்' யார் என்பது எனக்கு ஒரு சனிக்கிழமை தெரிந்தது. விடுமுறைக்கு அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் அம்மா கம்பத்திலிருந்து மலை ஏறி ஏலக்காய் பறிக்கப் போகிறவர். விடிவதற்குள் ஜீப்புகள் கம்பமெட்டு வழியாக மேலே போகும். என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏற முடியும் என்பதற்கு எங்கள் பாடப்புத்தகங்களில் விடை கிடையாது. எனக்குக் கால் வைக்கக் கிடைத்த இடம் வேறொருவர் மடி.

மதியம் தோட்டத்தில் ஒரு தார்ப்பாயை விரித்தார்கள். எல்லோரும் தங்கள் டப்பாக்களைத் திறந்து நடுவில் வைத்தார்கள். நான் ரேஷன் வீட்டில் எனக்குக் கொடுத்துவிட்டிருந்த டப்பாவை எடுத்துச் சாப்பிடத் தொடங்கினேன். பக்கத்தில் இருந்த அம்மாள் டப்பாவை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி நடுவில் வைத்தார்.

"தேனிப் புள்ளைக்குப் பழக்கமில்ல போல. தான் கொண்டாந்தத தான் திங்கக் கூடாது கண்ணு. அடுத்தவுக டப்பாவுல கைய வையி."

அதுதான் அங்கே வழக்கம். அவரவர் கொண்டுவந்தது அவரவருக்கு இல்லை. இவர் குழம்பை அவர் உண்டுவிட்டு, "உப்புக்கு வீட்டுல பஞ்சமா மதினி?" என்று கேட்பார். அவர் கூட்டை இவர் உண்டுவிட்டு, "இதுல பூசணிக்காய் எங்கன இருக்குன்னு ஜீப்பு டிரைவரக் கூப்புட்டுத் தேடச் சொல்லு" என்பார். இத்தனை கிண்டலிலும் ஒரு தட்டில் கொஞ்சம் சோறும் குழம்பும் தனியாக எடுத்து ஓரமாக மூடி வைத்திருந்தார்கள். யாருக்கு என்று கேட்டேன்.

"வர்றவுகளுக்கு" என்றார் ரேஷனின் அம்மா.

அன்று வந்தது பக்கத்துத் தோட்டத்தில் மருந்தடிக்கும் ஒரு மலையாளத்து ஆள். இந்தத் தோட்டத்துக்கும் அந்தத் தோட்டத்துக்கும் வேலி விஷயத்தில் பேச்சுவார்த்தை கிடையாது என்று காலையில்தான் சொல்லியிருந்தார்கள். அவர் வந்து உட்கார்ந்தார், மூடிவைத்த தட்டை எடுத்தார், சாப்பிட்டார், போனார். வேலிச் சண்டை அப்படியே இருந்தது. சோற்றுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல.

நான் ரேஷனைப் பார்த்தேன். அவள் அடுத்தவர் டப்பாவில் மும்முரமாக இருந்தாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த எங்கள் வாழ்க்கையில் வார்டன் மேடம் வந்தார். ஒரு மாலை கம்ப்யூட்டர் அறையைக் கடக்கும்போது, ஸ்டெல்லா "கொல்லுடி அவன, கொல்லு, வீட்டோட கொளுத்து!" என்று கத்தியதைக் கேட்டுவிட்டார். விசாரணை நடந்தது. இனி வகுப்பு விட்டதும் அறைக்குப் பூட்டு என்றார். நாங்கள் கெஞ்சினோம். இது மூளைக்கான விளையாட்டு என்றேன் நான். கல்லூரிகளுக்கு இடையே போட்டியெல்லாம் நடக்கிறது என்றாள் ஸ்டெல்லா. வார்டன் மேடம் யோசித்தார்.

"போட்டி இருக்குல்ல? போயி கோப்பையோட வாங்க, நான் பூட்டல. கோப்பை இல்லைன்னா பூட்டு. சொன்னாச் சொன்னதுதேன்."

எங்கள் நால்வருக்கும் இது பெரிய விஷயமில்லை. ஆளுக்கொரு மடிக்கணினி இருந்தது. அறை போனால் வராந்தாவில் உட்கார்ந்து ஆடுவோம். ரேஷனுக்கு அப்படியில்லை. பள்ளியில் அவளுக்குக் கிடைத்த மடிக்கணினியை பாலிடெக்னிக் போன தங்கைக்குக் கொடுத்துவிட்டாள். அந்த அறையின் ஜன்னலோரத்து கம்ப்யூட்டர்தான் அவளுடைய ஊர், வயல், வண்டி எல்லாம். பூட்டினால் அவள் ஆட்டம் முடிந்தது. அந்த வாரம் முழுவதும் ஜன்னலோரத்து கம்ப்யூட்டரின் விசைப்பலகையை அவள் துப்பட்டா நுனியால் துடைத்துக்கொண்டே இருந்ததை நான் பார்த்தேன்.

போட்டிக்கு முந்தைய சனிக்கிழமை, பெரிய கவிதா எங்களைக் குச்சனூருக்கு இழுத்துப்போனாள். சனீஸ்வரரிடம் சொல்லி வைத்தால் எதிரணிக்குக் கரண்டாவது போகும் என்பது அவள் நம்பிக்கை. நாங்கள் வேண்டிக்கொண்டிருந்தபோது ரேஷன் காக்கைகளுக்குச் சோறு வைத்தாள். பக்கத்தில் ஒருவர் வைத்த சோற்றுக்குக் காக்கை வரவில்லை என்று அவர் கலங்கி நின்றார். ரேஷன் தன் காக்கைகளை 'ஷூ, ஷூ' என்று அவர் பக்கமாக ஓட்டிவிட்டாள்.

"ஏலே, நம்ம காக்காடி அது!" என்றாள் ஸ்டெல்லா.

"பாவம், அவுக ரொம்ப நேரமா நிக்கிறாக."

நடக்கப்போவது அப்போதே எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தேனியில் ஒரு கல்லூரி விழாவில் போட்டி. பெரிய திரை, கூட்டம், விசில். நாங்கள் இறுதிச்சுற்று வரை வந்துவிட்டோம். எங்கள் திறமையால் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் மற்ற அணிகளில் ஐந்து பேரும் வீரர்களாக இருந்தார்கள், பாதி ஆட்டத்தில் ஐந்து பேருக்கும் பசித்தது. எங்களுக்குப் பசிக்கவில்லை.

இறுதிச்சுற்றில் எதிரே மலைமேலிருந்து இறங்கிவந்த கேரளப் பையன்கள். அவர்களில் ஒருவன் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் மலைப்பாம்பு. பெயருக்கும் ஆளுக்கும் சம்பந்தமில்லை, ஒல்லியாக இருந்தான். ஆனால் குதிரைப்படையை அவன் ஓட்டுவதைப் பார்த்தால் ஸ்டெல்லாவுக்கே எச்சில் ஊறும். கடும் சண்டை. மெல்ல மெல்ல அவன் அணியின் மற்ற நான்கு ஊர்களும் விழுந்தன. மலைப்பாம்பு மட்டும் மிஞ்சினான். ஸ்டெல்லா சுற்றிவந்து அவன் வயல்களைக் கொளுத்தினாள். லாயம் நிறைய இருந்தது, ஒரு குதிரைக்கும் நெல் இல்லை. நான் கோட்டை இடிக்கும் வண்டிகளை உருட்டிக்கொண்டு புறப்பட்டேன். வழி கொஞ்சம் தூரம். போய்ச் சேர்ந்தால் கோப்பை.

அப்போது திரையின் ஓரத்தில், எல்லோரும் பார்க்கிற இடத்தில், மலைப்பாம்பு ஒரு வரி எழுதினான்.

"சேச்சி, சோறு தீர்ந்து. விசக்குன்னு."

அக்கா, சோறு தீர்ந்துவிட்டது, பசிக்கிறது. அரங்கம் சிரித்தது. நாங்களும் சிரித்தோம். தோற்கப்போகிறவன் விடும் வேடிக்கைப் பேச்சு. நான் சிரித்தபடியே திரும்பி ரேஷனைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. அவள் வண்டிகள் எல்லாம் நெல்லோடு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தன. பாதி வழியில் அவை நின்றன. திரும்பின.

அந்த விளையாட்டில் எதிரிக்கும் பொருள் அனுப்பலாம். சமாதானம் பேசுவதற்காக வைத்த வசதி. அதை உருவாக்கியவர்களே அதை மறந்திருப்பார்கள்.

"ரேஷன்! என்னடி பண்ற? வண்டிய நிப்பாட்டு! ரேஷன்!"

ஸ்டெல்லாவின் குரல் மைக் இல்லாமலே அரங்கத்தின் கடைசி வரிசைக்குப் போனது. வண்டிகள் மலைப்பாம்பின் வாசலுக்குள் நுழைந்தன. ஒரு கணம் எதுவும் நடக்கவில்லை. அவனும் நம்பவில்லை என்று நினைக்கிறேன். பிறகு லாயத்துக் கதவுகள் திறந்தன. எங்கள் நெல்லைத் தின்ற குதிரைகள் வரிசையாக வெளியே வந்து, மதிலில்லாத முதல் ஊரைத் தேடிப் போயின. அது ரேஷனின் ஊர். அது எரிந்ததும் எங்களுக்கு வரத்து நின்றது. பிறகு நடந்ததை எழுத எனக்கு மனமில்லை.

"நல்லா ஓட்டுறான்ல?" என்றாள் ரேஷன், தன் வீடுகள் எரிவதைப் பார்த்துக்கொண்டே. அடுத்த நொடி, தான் என்ன செய்தோம் என்பது அவள் முகத்தில் வந்தது. அது இரக்கமும் இல்லை, தர்மமும் இல்லை. அவள் யோசிக்கவே இல்லை. பசிக்கிறது என்று ஒரு சொல் காதில் விழுந்தது, கை போய்விட்டது. அவ்வளவுதான். தார்ப்பாயைப் பார்த்திருந்ததால் எனக்கு மட்டும் அது புரிந்தது.

மலைப்பாம்பு கோப்பையைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வந்தான். அவன் முகத்தில் ஜெயித்த களையே இல்லை.

"சேச்சி, ஞான் தமாஷ் பறஞ்ஞதா." விளையாட்டுக்குச் சொன்னானாம்.

"சோத்துல தமாசு பண்ணக் கூடாது தம்பி" என்றாள் ரேஷன். பிறகு, "மத்தியானம் சாப்ட்டீகளா இல்லையா?" என்றாள்.

திரும்பி வரும் வேனில் ரேஷன் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவளிடம் கடலைமிட்டாய்ப் பொட்டலம் இருந்தது, அதை அவள் பிரிக்கவில்லை. வீரபாண்டி தாண்டியதும் ஜன்னலைப் பார்த்தபடி, யாரிடமும் இல்லாமல் கேட்டாள்: "லேபு போச்சுல்ல?" அந்த வேனில் எனக்கு அதைவிட நீளமாகத் தோன்றிய கேள்வி வேறில்லை.

வார்டன் மேடம் முழுக்கதையையும் கேட்டார். சிரிப்பை அடக்க முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எதிராளிக்குச் சோறு போட்டுத் தோத்தீகளா? புண்ணியந்தேன். ஆனா அத கோயில்ல போயி வாங்கிக்கங்க. லேபுக்குப் பூட்டு பூட்டுதேன்."

பூட்டினார்.

மறுநாள் மாலை நாங்கள் நால்வரும் மடிக்கணினிகளோடு வராந்தாவில் உட்கார்ந்தோம். ரேஷனும் வந்தாள். "நீங்க ஆடுங்க. நான் வேடிக்கை பாக்குறேன்" என்று சுவரில் சாய்ந்து கடலையை உரித்து நால்வருக்கும் பங்கு வைத்தாள். ஆட்டம் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் பெரிய கவிதா "மரம்!" என்றாள். சின்னவளும் "மரம்!" என்றாள். ஸ்டெல்லா "நெல்லு, நெல்லு!" என்றாள். நானும் ஏதோ கேட்டேன். நால்வரும் பழக்கத்தில் ஒரே திசையைப் பார்த்துக் கத்தினோம். சுவரோரத்தில் ரேஷன் பாதி எழுந்துவிட்டாள். இரண்டு கைகளும் காற்றில் நின்றன. அனுப்ப அவளிடம் கடலைத் தோல்தான் இருந்தது.

ஸ்டெல்லா ஆட்டத்தை நிறுத்தினாள். முந்தைய நாளிலிருந்து ரேஷனோடு பேசாதவள் எழுந்து, தன் மடிக்கணினியைக் கொண்டுபோய் அவள் மடியில் வைத்தாள்.

"ஆடு."

"அப்ப நீ?"

"நான் இன்னைக்கு வேடிக்கை. நவுந்து உக்காரு, எடம் விடு."

"இது ஒன்னோடதுல்ல..."

"தான் கொண்டாந்தத தான் திங்கக் கூடாதாம்ல? இவதான் சொன்னா" என்று என்னைக் காட்டினாள். "ஆடுடி. கடுப்பக் கெளப்பாத."

மறுநாள் பெரிய கவிதா வேடிக்கை பார்த்தாள். அதற்கடுத்து நான், பிறகு சின்னவள். சுழற்சிப் பட்டியலை நான் போட்டேன் என்று சொல்லத் தேவையில்லை. ஐந்து பேர், நான்கு மடிக்கணினி, ரேஷன் தினமும் ஆடுவாள். அதில் ஒன்றை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. ஆட்டமில்லாத ஆளுக்கு வேறு வேலை இல்லாததால், ரேஷனின் தோளுக்கு மேல் எட்டிப்பார்த்து, "ஏ ரேஷன், கிழக்க வர்றாய்ங்க! ரெண்டு கல்ல ஒனக்கும் வச்சுக்க! அனுப்பாத, வச்சுக்க!" என்று கத்திக்கொண்டே இருப்பாள். வாழ்க்கையில் முதன்முறையாக ரேஷனின் ஊருக்கு மதில் எழுந்தது. கோணலாக இருந்தது. ஆனால் நின்றது.

என் முறை வந்த நாள் அவள் பின்னால் உட்கார்ந்து பார்த்தபோதுதான், என் நான்காவது குறிப்பை ஏன் எழுத முடியவில்லை என்று தெரிந்தது. ஆட்டம் முழுவதும் அவள் கண் தன் ஊரில் இல்லை. திரையின் மேல் ஓரத்தில், மற்றவர்களிடம் என்ன மிச்சம் இருக்கிறது என்று காட்டும் சின்ன எண்களில் இருந்தது. என் எண் எது என்று தேடினேன். அதன் மேல் அவள் கண் அடிக்கடி போய்வந்தது. நான் அன்று ஆடவில்லை, தன்னுடையதை அவளுக்குக் கொடுத்துவிட்டு என் மடிக்கணினியில், என் பெயரில் ஆடியது சின்னக் கவிதா என்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் பழக்கம்.

படிப்பு முடிந்தது. ஸ்டெல்லா ஆசிரியையானாள், மைக் இன்னும் தேவைப்படவில்லை. கவிதாக்கள் இருவரும் கோயம்புத்தூரில் ஒரே நிறுவனத்தில், அடுத்தடுத்த மேசையில், பேசாமல் இருக்கிறார்கள். ரேஷன் வடக்கே ஒரு பெரிய மருத்துவமனையின் பொருள் கிடங்கில் வேலை பார்க்கிறாள். எந்த வார்டில் எது தீரப்போகிறது என்று பார்த்துக் கேட்கும் முன்னே அனுப்புவது வேலை. அதற்குச் சம்பளமும் தருகிறார்களாம். அவள் குறுஞ்செய்தி எப்போதாவது வரும். பெரும்பாலும் ஒரே சொல்: "சாப்ட்டியா?" நான் பதில் எழுதி, எப்போது ஆட வருவாய் என்று கேட்டால், "வர்றேன் ஆத்தா, இங்கன கொஞ்சம் வேலை" என்று வரும். விளையாட்டில் அவள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்து ரொம்ப காலமாகிவிட்டது.

நான் சென்னையில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் முகம் தெரியாதவர்களோடு ஆடுகிறேன். எல்லோரும் வீரர்கள். மரம் வேண்டும் என்று கேட்டால், "நீயே வெட்டு" என்று பதில் வருகிறது. தப்பில்லை, அதுதான் விதி. ஆனாலும் மரம் தீரும்போதெல்லாம் என் கண் தானாக வடக்குச் சாலைக்குப் போகிறது. வண்டி வருகிற சத்தம் ஒன்று உண்டு அந்த விளையாட்டில், மாட்டுக் கழுத்து மணி மாதிரி. அதைக் கேட்டு எத்தனை நாளாகிறது என்று எண்ணக் கூடாது என்று வைத்திருக்கிறேன். பட்டியல் போடுகிறவளுக்கு அது சுலபமில்லை.

இப்போதெல்லாம் குதிரை, வில் எதையும் நான் எடுப்பதில்லை. "நான் சண்டைக்கு வரலை, என்ன வேணும்னு சொல்லுங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் அளவுக்கு வரவில்லை. இன்னும் கரண்டியைத்தான் பார்க்கிறேன்.

போன ஞாயிறு தோற்கும் தறுவாயில், கூட ஆடிய யாரோ ஒரு பையன் பொறுமை இழந்து கேட்டான். "மேடம், ஒங்க ஊர் பக்கத்துலயே ஒரு முழுக் காடு இருக்கே. அத ஏன் வெட்டாம வச்சிருக்கீங்க?"

"அது ஒருத்தி வர்றதுக்கு" என்றேன்.

"இதுல புதுசா யாரும் வர முடியாதே மேடம்."

"தெரியும்" என்றேன். "இருக்கட்டும்."